கொடுத்த கை யாருடையது?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, திருவல்லிக்கேணியின் இந்த அரங்கை ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிரப்பியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

“மறைந்திருக்கும் தீமையை வெளிக்கொணர இதழாளர் பொய்வேடம் பூணலாமா, பூணலாகாதா?” என்பது நம்முன் வைக்கப்பட்ட தலைப்பு. பூணலாம் என்று சொன்ன எதிரணித் தலைவர், 2001-இல் நடந்த ஆயுதத் தரகு நாடகத்தையும், 2005-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிக்கியதையும், 1887-இல் நியூயார்க்கில் ஒரு பெண் நிருபர் மனநோயாளியாக நடித்ததையும் வரிசையாகச் சொல்லி, நடுவே வள்ளுவரையும் தம் அணிக்கு அழைத்துக்கொண்டு, கைத்தட்டலோடு போய் அமர்ந்துவிட்டார். நான் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டே பேசப்போகிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், நாங்கள் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அதை வெகு திறமையாக முறியடித்துவிட்டார். ரேஷன் கடை வரிசையில் நிருபர் ஒருவர் தாம் இன்னாரென்று சொல்லிக்கொள்ளாமல் நின்று, எடை போடுவதைக் கவனித்தால் அதை நாங்கள் ஏமாற்று என்று சொல்லவில்லை. அவர் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, தமக்குப் பின்னால் பையோடு நிற்கும் அம்மாள் பார்ப்பதைத்தான் அவரும் பார்க்கிறார். செய்தி தந்தவரின் பெயரை மறைப்பதும் ஏமாற்று அன்று. அது கொடுத்த வாக்கைக் காப்பது. இல்லாத பெயரைச் சொல்லி, இல்லாத தொழிலைச் சொல்லி, இல்லாத நோக்கத்தைச் சொல்லி ஒருவருடைய நம்பிக்கையைப் பெற்று, அந்த நம்பிக்கையையே செய்தியாக்கி விற்பது இருக்கிறதே, அதைத்தான் கூடாது என்கிறோம்.

இனி வள்ளுவர். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளை எதிரணி சொன்னது. சரி, அந்த நன்மை குற்றமற்றதுதானா என்று தீர்ப்புச் சொல்வது யார்? பொய் சொன்னவரே சொல்லலாமா? வேடமிட்டு வேவு பார்ப்பதைப் பற்றி வள்ளுவர் தனியாகவே ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார். துறவி வேடத்தில் திரியும் ஒற்றனைக்கூட அங்கே காணலாம். ஆனால் அந்த ஒற்றன் அரசனின் ஆள். அவன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்று அதே அதிகாரம் அரசனை எச்சரிக்கிறது. வேடத்துக்கு இடம் கொடுத்தவரே வேடதாரியை நம்பவில்லை. எதிரணி ஒற்றனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

இப்போது 2001-க்கு வருகிறேன். லண்டனைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட, ஆனால் எங்குமே இல்லாத ஓர் ஆயுத நிறுவனத்தின் முகவர்களாகத் தெஹல்கா இணைய இதழின் நிருபர்கள் டெல்லியில் வலம்வந்தார்கள். இருளில் வெப்பத்தைக் கொண்டு பார்க்க உதவும் கையடக்கக் கருவியை ராணுவத்துக்கு விற்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். அப்போதைய ஆளும் கட்சியின் அகில இந்தியத் தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய காட்சி அந்த ஆண்டு மார்ச்சில் நாடெங்கும் ஓடியது. அவர் பதவி விலகினார். 2012 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வாங்கியது குற்றம்தான், அதற்காக வாதாட நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது வேறு. அந்தக் காட்சியில் பணம் கொடுத்த கை யாருடையது? நிருபருடையது. அவர் விற்க வந்த கருவி எங்கே? இல்லை. அதே காலத்தில் இந்திய ராணுவத்துக்கு உண்மையாகவே கருவிகளை விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்களில் எது, எவருக்கு, எவ்வளவு கொடுத்தது? அதைப்பற்றித் தரகர்கள் சிலர் பெருமையடித்துக்கொண்ட பேச்சு அந்த ஒளிநாடாக்களில் இருந்தது; ஆவணம் இல்லை. ராணுவ அதிகாரிகளிடம் பாலியல் தொழிலாளிகளை அனுப்பி அதையும் படம் பிடித்திருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தபோது, நாட்டின் பேச்சு ஆயுத ஊழலை விட்டு இதழின் நடத்தைக்குத் தாவியது. அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் பணியிலும் செய்தி உண்டாக்கப்பட்ட விதம் சேர்ந்துகொண்டது. குற்றம் செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது.

2005 டிசம்பரிலும் இதே கதைதான். கோப்ரா போஸ்ட் இணைய இதழும் ஆஜ் தக் தொலைக்காட்சியும் சேர்ந்து, சிறுதொழில் உற்பத்தியாளர் சங்கம் என்று இல்லாத ஒன்றை உண்டாக்கி, அதன் சார்பில் பணம் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேள்விகள் கேட்கச் செய்தன. மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவருமாக 11 உறுப்பினர்கள் அதே மாதம் 23-ஆம் தேதி பதவி நீக்கப்பட்டார்கள். 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எதிரணிக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது என்பதை ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: காசுக்குக் கேள்வி கேட்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் என்றால், நிருபர் வருவதற்கு முன்பு அவரிடம் கேள்வி வாங்கியவர்கள் யார்? எந்த நிறுவனம், எந்த ஒப்பந்ததாரர், எந்தத் தொழிலதிபர்? அவர்களில் ஒருவருடைய பெயராவது அந்த நிகழ்ச்சியால் நமக்குத் தெரிந்ததா? லஞ்சம் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் குற்றம். ரகசியக் கேமராவோ எப்போதும் வாங்குபவரை மட்டுமே காட்டும், ஏனெனில் கொடுப்பவரின் நாற்காலியில் நிருபர் உட்கார்ந்திருக்கிறார். உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்தவர், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதே நிகழ்ச்சியைப் பார்த்து, நாடு கெட்டுப்போய்விட்டதே என்று வருந்திக்கொண்டிருப்பார். தூண்டிலில் சிக்கிய மீனைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஆற்றில் நஞ்சு கலந்தவனைப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

2005-இல் அப்படிப் பணம் கொடுத்த நிருபர்கள் மீது போடப்பட்ட வழக்கை 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊழலை வெளிப்படுத்துவது குடிமக்களின் கடமை என்றே அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எதிரணி இதைச் சொல்ல மறந்துவிட்டதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பின் 2014 ஏப்ரலில், மத்திய இணையமைச்சர் ஒருவர் 2003-இல் பணம் வாங்குவதைப் படம் பிடித்த வழக்கில், படம் பிடித்தவர்கள் “நாங்கள் ஊழலை அம்பலப்படுத்தத்தானே செய்தோம்” என்று வாதாடியபோது, அதைத் தொடக்கத்திலேயே ஏற்று வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொதுநலம் என்று சொல்லிவிட்டால் குற்றம் தானாகக் கரைந்துவிடாது, நோக்கம் என்ன என்பது விசாரணையில் தெரிய வேண்டும் என்றது. அந்த வழக்கில் படம் பிடித்ததன் பின்னால் அரசியல் நோக்கம் இருந்தது என்பதே சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. ஆக, நல்ல நிருபருக்காக நாம் திறந்துவைக்கும் கதவு நல்ல நிருபருக்கு மட்டுமே திறந்திருக்கப்போவதில்லை.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் 2007 ஆகஸ்டில் டெல்லியில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையின் வாழ்க்கைக்குள் நுழைந்தார். மாணவிகளை விபசாரத்தில் தள்ளுகிறார் என்று ரகசியக் கேமராக் காட்சிகளோடு ஒரு செய்தித் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கூட்டம் பள்ளியை முற்றுகையிட்டது, அந்த அம்மாளை அடித்தார்கள், உடையைக் கிழித்தார்கள், போலீஸ் கைது செய்தது, வேலையும் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, மாணவி என்று காட்டப்பட்ட பெண் மாணவியே அல்லர், பத்திரிகைத் துறையில் நுழைய விரும்பிய ஒருவர் என்பது. நிருபர் கைதானார், தொலைக்காட்சி ஒரு மாதம் ஒளிபரப்ப முடியாமல் தடை செய்யப்பட்டது. ஒரு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த ஆசிரியை எந்தத் தெருவில் பழையபடி தலைநிமிர்ந்து நடக்க முடியும்?

“அது போலி, உண்மையான மறைகேமராச் செய்தியை அதனோடு சேர்க்காதீர்கள்” என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் முன்கூட்டியே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டுப் போனார். நடுவர் அவர்களே, பிரித்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். எதைக் கொண்டு பிரிப்பது? இரண்டிலும் ஆடும் காட்சி, இரண்டிலும் தெளிவில்லாத குரல், இரண்டிலும் கீழே ஓடும் எழுத்து, இரண்டிலும் தம் பெயரைப் பொய்யாகச் சொல்லி உள்ளே போன ஒருவர் “என்னை நம்புங்கள்” என்கிறார். உள்ளே பொய் சொன்னேன், வெளியே வந்ததும் உண்மை மட்டுமே சொல்கிறேன் என்பவரின் பேச்சை, பேச்சைத் தவிர வேறு எதைக் கொண்டு வாசகர் சோதிப்பார்? இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காணொளி செய்துவிட முடிகிற காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகியிருக்கிறது.

1981-ஐயும் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் பெண்கள் விலைக்கு விற்கப்படுவதை நிரூபிக்க, இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் ஒருவர் 2,300 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணை வாங்கிக் காட்டினார். செய்தி நாட்டை உலுக்கியது என்பது உண்மை. அங்கும் கொடுத்த கையைப் பாருங்கள். வாங்குபவர் இல்லாமல் விற்பனை இல்லை. அன்று அந்த விற்பனையை நிறைவேற்றி வைத்தவர், விற்பனையை எதிர்த்து எழுதியவர்.

பொய்யைத் தம் பொதுநலத்தால் நியாயப்படுத்தும் அமைப்பு, பிறகு அந்தப் பொய்யையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 1995-இல் இளவரசி டயானாவின் பேட்டியைப் பெற, பி.பி.சி.யின் மார்ட்டின் பஷீர் போலி வங்கிக் கணக்குத் தாள்களைத் தயாரிக்கச் செய்து அவருடைய தம்பியிடம் காட்டினார். அடுத்த ஆண்டே உள்விசாரணை நடந்தது. பஷீர் நேர்மையானவர் என்று அது முடிவுகட்டியது. நீதிபதி டைசனின் அறிக்கை 2021-இல் வந்து உண்மையைச் சொல்ல 25 ஆண்டுகள் ஆயின. உலகம் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிறுவனத்துக்கே இந்த நிலை. அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியினர் பொய்யான விவரம் கொடுத்து ஒரு பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்து, கெட்ட இறைச்சி விற்கப்படுவதாக 1992-இல் காட்டினார்கள். இறைச்சி கெட்டதா என்பதை விட்டுவிட்டு, வேலை விண்ணப்பம் பொய்யா என்பதிலேயே வழக்கு ஏழு ஆண்டுகள் உழன்றது. 55 லட்சம் டாலர் என்று தொடங்கிய தண்டம் கடைசியில் 2 டாலரில் வந்து நின்றது. எதிரணி அதை வெற்றி என்று எண்ணிக்கொள்ளலாம். இறைச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேடமில்லாமல் எதைச் சாதிக்க முடியும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். இந்த அரங்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அண்ணா சாலையில் இருக்கும் ஒரு நாளிதழ் அலுவலகத்தை நோக்கிக் கைகாட்டி விடை சொல்கிறேன். சுவீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் இந்தியா பீரங்கி வாங்கிய பேரத்தில் தரகு கைமாறியது என்று 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி சொன்னது. ஆவணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து 1988-இல் வெளியிடத் தொடங்கியது சென்னையின் ‘தி இந்து’. ஐரோப்பாவிலிருந்து சித்ரா சுப்ரமணியமும் இங்கே என். ராமும் சேர்ந்து செய்த அந்த வேலையில் பொய்ப் பெயர் இல்லை, ரகசியக் கேமரா இல்லை, யாருக்கும் தூண்டில் போடவில்லை. ஒப்பந்தத் தாள்களும் கட்டண விவரங்களும் பேசின. பணம் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதை, அதாவது கொடுத்த கையை, அந்தத் தாள்கள் காட்டின. அவற்றைக் கொடுத்தவர் சுவீடனில் அந்த விசாரணையை நடத்திய காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012-இல் அவரே முன்வந்து சொன்னபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஒரு நிருபர் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயர் இல்லாதவரிடம் எந்த அதிகாரி கோப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்? இன்று ஒரு நிருபர் முகவராக நடித்தால், நாளை உண்மையைச் சொல்லலாமா என்று தயங்கி நிற்கும் ஒரு குமாஸ்தா, எதிரில் இருப்பவர் யாரோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்வார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. வராத செய்தியை யாரும் எண்ணுவதில்லை.

உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை 1986-இல் ‘இந்தியா டுடே’ அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. வீட்டுக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே நடந்து மண்ணில் புதைக்கப்படும் குற்றத்தைவிட மறைவான குற்றம் எது? அதையே பெற்றோர் சிலர் தம் வாயால் சொன்னதைக் கொண்டுதான் எழுதினார்கள்.

இன்னும் அண்மைச் சான்று வேண்டுமா? கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காக வங்கியில் விற்கப்பட்ட தேர்தல் பத்திரங்களில் கொடுப்பவர் அடையாளமே இருக்காது என்று அரசு சொல்லிவந்தது. 2018-இல் ‘தி குவின்ட்’ இணைய இதழின் பூனம் அகர்வால், தம் சொந்த அடையாளத்தைக் காட்டி, தம் பெயரிலேயே ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் புற ஊதா ஒளியில் தெரிந்தது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து விவரங்களை வெளியிடச் சொன்னபோது, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போயிற்று என்று பொருத்திப் பார்க்க உதவியது அந்த எண்தான். கொடுத்த கையின் பெயரும் வாங்கிய கையின் பெயரும் ஒரே வரிசையில் வந்து நின்றன. 11 உறுப்பினர்களைப் பதவியிழக்கச் செய்த கேமராவால் முடியாதது, தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிய சில ஆயிரம் ரூபாய்த் தாளால் முடிந்தது. தகவல் அறியும் உரிமைக்கு நாட்டிலேயே முதலாவதாக 1997-இல் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் நிறைய இருந்தன, 2005-இன் மத்திய சட்டத்தையும் அதிகாரிகள் இழுத்தடிக்கத்தான் செய்கிறார்கள். மனு போட்டு மேல்முறையீட்டுக்கு அலைவது மறைகேமராவைவிடச் சலிப்பூட்டும் வேலை என்பதை மறுக்கவில்லை.

மிச்சமிருப்பது 1887. நெல்லி பிளை என்ற பெண் மனநோயாளியாக நடித்து, பிளாக்வெல் தீவு மனநல விடுதியில் பத்து நாள் அடைபட்டுக் கிடந்து, உள்ளே நடந்த கொடுமைகளை ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் எழுதினார். அந்தப் பெண்ணின் துணிவை நான் வணங்குகிறேன். அவர் யாருக்கும் பணம் நீட்டவில்லை, யாரையும் குற்றத்துக்குத் தூண்டவில்லை, தம் உடலையே பணயம் வைத்தார். எதிரணியின் மூன்று சான்றுகளில் என்னை உண்மையாகவே உறுத்துவது இது ஒன்றுதான். வாயில்லாதவர்கள் அடைபட்டிருக்கும் இடத்துக்குள் வேறு எப்படிப் போவது என்ற கேள்விக்கு எளிதாக விடை சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை நம் மண்ணில் வைத்துக் கேட்டுப் பார்ப்போம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தச் சங்கிலிகள் ரகசியமாக இருந்தனவா? தர்காவுக்குப் போய்வந்த யாத்திரிகர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பார்த்திருந்தார்கள். உள்ளே போக எந்த நிருபரும் பைத்தியமாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்தில் ஏறிப்போய், பெயரைச் சொல்லி, பார்த்ததை எழுதி, அதிகாரி அசையும்வரை மறுபடியும் மறுபடியும் எழுதியிருந்தால் போதும். நம்மைச் சுற்றி நடக்கும் கொடுமைகளில் பெரும்பங்கு இப்படிப் பட்டப்பகலில் நடப்பவை. இதே சென்னையில் பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்குவதைப் படம் பிடிக்கக் கேமராவை எந்தச் சட்டைப் பொத்தானுக்குள்ளும் ஒளிக்க வேண்டியதில்லை.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எனக்குப் பின் பேச வருபவர் நெல்லி பிளையை மறுபடியும் அழைத்து வருவார் என்பது தெரியும். அழைத்து வரட்டும். அப்படியே, ஏர்வாடியில் எந்த வேடம் போட்டிருந்தால் எந்தச் சங்கிலி அவிழ்ந்திருக்கும் என்பதையும், 2005-இல் அந்த 11 பேரிடம் உண்மையாகவே கேள்வி வாங்கியவர்கள் யார் யார் என்பதையும் அவர் சொல்லிவிட்டால், தீர்ப்பை நீங்கள் அவர்கள் பக்கம் எழுதுவதில் எங்கள் அணிக்கு மறுப்பில்லை. நன்றி, வணக்கம்.